ஓமந்தையில் எழுப்பவும்

கட்டுநாயக்காவில் சூட்கேஸ் ஏற்றும்போதே
பவளராணி அக்கா சொல்லிவிட்டார்:
"தம்பி, ரொறன்ரோவில ஒரு குளிசை,
டோகாவில ஒண்டு.
பக்கத்துச் சீற்றுக் குழந்தை விடிய விடியக் கத்தினதாம்,
இறங்கேக்கை ஆரோ சொல்லித்தான் தெரியும்.
ஓமந்தையில என்னை எழுப்பிவிடு.
அதுக்குப் பிறகு ஒரு மரமும் விடாமல் பார்க்கவேணும்."
சொல்லி முடியவில்லை,
தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது.

நான் நித்திரைக்கு எதிரான தொழில்காரன்.
இஞ்சி ரொபி, பிளேன்ரீ,
நெற்றிக்குக் கொஞ்சம் தைலம்.
பதினொரு வருஷமாக இந்த ரோட்டில்
ஆக்களை நித்திரையோடு ஏற்றி நித்திரையோடு இறக்குகிறேன்.
ஊர் நித்திரை ஒரு குழிக்கே உடையும்.
குளிசை நித்திரை
பாலம் ஏறி இறங்கினாலும் மடிப்புக் குலையாது.

ஓமந்தை. "அக்கா."
"ம்."
புளியங்குளம். "அக்கா, புளியங்குளம்."
"பெல்ற் போட்டிருக்கிறன்" என்றார், இங்கிலீசில்.
கனகராயன்குளத்தில் ரேடியோவைக் கூட்டினேன்.
வாயைச் சப்பிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

மாங்குளத்தில் டீசல் அடிக்க எஞ்சினை நிறுத்தினேன்.
சத்தம் நின்றதும் அக்காவின் இமை துடித்தது.
அப்போதுதான் விளங்கியது,
அவரைப் பிடித்து வைத்திருப்பது குளிசை மட்டும் இல்லை, இரைச்சல்.
பிளேன் இரைந்து, பிறகு இன்னொரு பிளேன் இரைந்து,
விட்ட இடத்தில் என்ரை வான் தொடங்கியிருக்கிறது.
இன்னும் அரை நிமிஷம் சாவியைத் தொடாமல் விட்டால்
எழும்பிவிடுவார்.

தொட்டேன்.

நீர்கொழும்புப் பக்கம் ஒருமுறை கண் திறந்து
ஆருக்கோ சொல்வதுபோல் சொல்லியிருந்தார்:
"கடைசியா உந்தப் பக்கம் பதினாலு நாள் நான் கண் மூடேல்லை.
மூடினா விட்டிட்டுப் போயிடுவினம் எண்ட பயம்."
அதற்காகத்தான் என்று சொல்லமாட்டேன்.
எனக்கே சரியாகத் தெரியாது.

முறிகண்டியில் நிற்காமல் போகிற வாகனம் இல்லை.
நானும் நின்றேன்.
எஞ்சினை மட்டும் நிறுத்தவில்லை.
ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்தி
ஒரு சுருள் கச்சானோடு ஓடிவந்தேன்.

விசுவமடு. வளவுக்குள் விட்டுச் சாவியைத் திருப்பினேன்.
கண் பளிச்சென்று திறந்தது.
"ஓமந்தை வந்திட்டுதோ?"

ஏச்சென்றால் கொஞ்சநஞ்ச ஏச்சில்லை.
அயல் கோழியெல்லாம் வேலிக்கு அந்தப்பக்கம் போய் நின்றன.
கூலியில் ரெண்டாயிரம் குறைத்துத்தான் தந்தார்.
கச்சானை மட்டும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

இரவு ரெண்டேகால். போன்.
"தம்பி, நித்திரையோ?"
"இல்லை" என்றேன், நித்திரைக்குள் இருந்து.
"எனக்கு மத்தியானம் மாதிரிக் கிடக்கு. வானை எடுத்துக்கொண்டு வா."

முன் சீற்றில் ஏறினார்.
பரந்தன். கிளிநொச்சி.
முறிகண்டியில் அவரே இறங்கிக் கும்பிட்டார், நெடுநேரம்.
அதற்குப் பிறகு வெளிச்சம் விழுகிற துண்டுதான் ரோட்டு,
மற்றதெல்லாம் கறுப்பு.
ஆனை கடக்கும் என்று ஒரு பலகை. ஒரு நரி.
பூட்டின கடையின் முன்னால் கவிழ்த்த வாங்கு.
பார்க்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.
வெளிச்சத்தில் பட்ட மதகுகளை
அக்கா வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார்.

கனகராயன்குளம் தாண்ட எனக்குக் கண் செருகியது.
பின்னேரம் வாங்கிய கச்சான் மிச்சம் இருந்தது.
ஒவ்வொன்றாய் உடைத்து என் கையில் வைத்தார்.
"கதைச்சுக்கொண்டு வா.
உன்னை நித்திரை கொள்ள விடமாட்டன்."
மடியில் கைப்பை. அதற்குள் குளிசை அட்டை சரசரத்தது.

என்ன கதைப்பது?
என் மகளுக்குக் கணக்கு வராது என்றேன்.
வான் லீசிங் இன்னும் பதினாறு மாதம் என்றேன்.
"ம், சொல்லு" என்றார்,
கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்,

"நாப்பத்திரண்டு."