மூலைமட்டம்

பர்கூர் ஜவுளிக்கடை. ட்ரையல் ரூம் மூலையில்
மட்டம் பிடித்து முட்டவைத்த இரண்டு கண்ணாடிகள்.

இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி.
இருவர் பேட்ஜிலும் எழுத்து
பின்னாலிருந்து ஓடுகிறது.
இணைப்புக்கோட்டில் நிற்பவள் மட்டும்
மாதேஸ்வரி என்றே வாசிக்கக் கிடைக்கிறாள்.

வகிடெடுத்தால்
சீப்பு தப்புப் பக்கம் போகிறது.
நான் வலக்கை தூக்க
அவளும் வலக்கையே தூக்குகிறாள்,
எதிர் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிற யாரோபோல.
ஓ, கல்லாவிலிருக்கும் நாகவேணி அக்காவுக்கு
ஆறு வருஷமாய் என் மூக்குத்தி
அந்தப் பக்கம்தானா.

கரண்ட் போச்சு.
செல்போன் டார்ச்சை ஒரு கண்ணாடியில் அடித்தேன்.
மற்றதில் தாவி
என்னிடமே வந்தது.
தள்ளி நின்று அடித்தேன், கோணலாய் அடித்தேன்,
போன திசைக்கே திரும்புகிறது.

கந்திகுப்பம் கடைசி பஸ் ஹாரன்.
படியிறங்கி அடித்தேன்.
ரோடு வாங்கி வைத்துக்கொண்டது.