இரண்டாம் படி

மண்டபம் போகும் பேருந்தில்
இருபத்திரண்டு களப்பணி அறிக்கைகள் என் மடியில்.
உச்சிப்புளி தாண்டினால் காற்று தாள்களைக் கேட்கும்.
முழங்கையால் அழுத்திக்கொண்டு
சிவப்பு மையில் அடித்தபடியே வந்தேன்:
'கண்டறியப்பட்டது.' யார் கண்டது?
'தெரிவிக்கப்பட்டது.' யார் வாய்?
'விழிப்புணர்வின்மை காணப்படுகிறது.'
எங்கே காணப்பட்டது,
டீ குடித்த தம்ளருக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா?

சமூகப்பணி முதலாண்டு.
எழுத்துப் பயிற்சிக்கு வாரம் ஒரு மணி நேரம்,
வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்.
மணிக்கணக்குச் சம்பளக்காரன் நான்.
அதற்குள்
ஒரு மனுஷியைத் தாளில் இறக்கிவைக்கச் சொல்லித்தர வேண்டும்,
கை கால் உடையாமல்.

ஹபீலா எழுதியிருந்தாள்:
'சாதகமற்ற வானிலையால் வருமானம் பாதிக்கப்படுகிறது.'
ஓரத்தில் கேட்டேன்: எந்தக் காற்று?
அடுத்த வாரம் தாள் திரும்பி வந்தது.
'கச்சான் எழும்பினால் தண்ணீர் கலங்கிவிடும்.
மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது என்று
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.
பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணி சுற்றியிருக்கிறார்கள்.
எனவே அன்று கரையில் இருக்கிறார்கள்.'
அந்த 'எனவே'க்காக
வகுப்பில் இரண்டு முறை வாசித்தேன்.
பின் பெஞ்சிலிருந்து இன்னாசிராஜா,
'சார், இது பரீட்சைக்கு வருமா?'

அவன் அறிக்கைதான் அடுத்தது.
பயனாளியின் பெயர்: நம்புவள்ளி. வயது: முப்பத்தாறு.
ஒற்றுகள்கூடச் சரி.
பத்தி மூன்று: 'இது குடும்பத்தலைவர் இல்லாத குடும்பம்.'
டிக் போட்டுப் பக்கம் திருப்பினேன்.

எழுதியதை எழுதப்பட்டவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.
என் விதி. பாடத்திட்டத்தில் இல்லை.

பாசி காயும் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் அவள்,
இடுப்பு வலைப்பையை உதறியபடி.
இன்னாசி பள்ளிக்கூடக் குரலில் வாசித்தான்.
பத்தி ஒன்று. 'ம்.'
பத்தி இரண்டில் கடனைத் திருத்தினாள்:
'பன்னெண்டு இல்ல தம்பி, பதினெட்டு. வட்டி தனி.'
பத்தி மூன்றில் கை நின்றது.
'இல்லாத குடும்பம்னா எழுதிருக்க?'
'ஆமாக்கா.'
'இல்லாம எங்க போயிட்டாரு?
வரலைன்னு எழுது.'

அவன் என்னைப் பார்த்தான்.
நான் தார்ப்பாயைப் பார்த்தேன்.
அந்த வாக்கியம் அவனுடையது இல்லை.
ஜூன் மாதம் நான் நகலெடுத்துக் கொடுத்த மாதிரி அறிக்கை,
பத்தி மூன்று, என் கையெழுத்து.
சுருக்கம், துல்லியம் என்று
பலகையில் அடிக்கோடும் போட்டிருந்தேன்.

வள்ளம் போய் நாலு வருஷம்.
ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.
படிவத்தில் இருப்பது இரண்டு கட்டம்:
உயிருடன் உள்ளார். இறந்துவிட்டார்.
ஏழு வருஷம் ஆகட்டும், பார்க்கலாம் என்று
தாலுகா ஆபீஸில் சொன்னார்களாம்.
கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேல்
அவள் உலை வைக்கிறாள்.

'இல்லை' முடிந்துபோன சொல்,
'வரவில்லை'க்குள் ஒரு 'வர' இருக்கிறது என்று
விளக்கத் தொடங்கினேன், பழக்கதோஷம்.
'சார்' என்றான் இன்னாசி மெல்ல,
'அவங்க சொன்னதே புரிஞ்சிருச்சு.'

முட்டிமேல் தாளை வைத்து அடித்தான், எழுதினான்:
'கொண்டல் வீசிய ஒரு வெள்ளிக்கிழமை
கணவர் கடலுக்குப் போனார். இன்னும் வரவில்லை.'
'இன்னும்' அவனே சேர்த்தது.
'வெள்ளி இல்ல,' என்றாள். 'வியாழன் ராத்திரி.'
திருத்தினான்.
அவள் பையை மறுபடி உதறினாள்.
ஒரு குஞ்சு நண்டு விழுந்து
பாசிக்குள் ஓடியது.

திரும்பும் பேருந்தில் மதிப்பெண் போட வேண்டியிருந்தது.
ஒற்றுப்பிழை இரண்டு, அடித்தல் ஏழு இடம்,
மூலையில் உப்புத்தண்ணீர்.
இருபதுக்குப் பதினேழு.
பையின் அடியில் மாதிரி அறிக்கையின் மூலப்படி கிடந்தது.
எடுத்து விரித்து
பத்தி மூன்றில் பேனாவை வைத்தபோது
கண்டக்டர் சில்லறை கேட்டு நின்றார்.
மூடியைப் பல்லில் கடித்தபடி
சட்டைப்பையைத் துழாவினேன்.