பாதாதிகேசம்

நாடியை இதில் வையுங்க.
நெற்றியை அந்தப் பட்டியில் ஒட்டுங்க.
இப்ப என் காதைப் பாருங்க.

பதினொரு வருடமாக
இந்த மூன்று வாக்கியங்கள்தான் என் உத்தியோகம்,
சிங்களத்திலும் தமிழிலும்.
பாதிக் கொழும்பு என் முன்னால்
நாடி வைத்துப் போயிருக்கிறது.

இஞ்ஞாசி வந்தது ஒரு மழைநாள்.
இலக்கம் நாற்பத்தாறு.
இடக்கால் செருப்பை இழுத்து இழுத்து நடந்தார்.
துண்டில் எழுதியிருந்தது:
வலது கண், வெள்ளையில் கறுப்புப் புள்ளி, மூன்று கிழமை.

செலின் அதைக் கண்மை என்று நினைத்தாளாம்.
நான் என்ன மை பூசுறவனா என்று கேட்டாராம்.
சேலை நுனியை நனைத்து
ஒற்றி ஒற்றிப் பார்த்தாளாம்.
பிறகு கொட்டாஞ்சேனையில், சாந்த லூசியா கோயிலில்
தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்கும் அந்தப் பெண்பிள்ளைக்கு
ஒரு மெழுகுதிரி.

விளக்கை ஒடுக்கினேன்.
ஒளி நூலாகி விழியில் இறங்கியது.
மூக்குப் பக்கத்து வெள்ளையில்
சிவந்த நரம்பொன்று குனிந்து நீர் குடிக்கிற இடத்தில்
அது இருந்தது.
எள்ளளவும் இல்லை.
ஈரக் குடையிலிருந்து சொட்டியது போல
ஓரம் கலைந்து.

கேட்பது என் வேலையில்லை.
காலில் என்ன என்று கேட்டுவிட்டேன்.

குதிக்காலில் ஒரு மச்சம்.
கடைத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர்,
பெயின்ற் காய்ந்து ஒட்டியதென்று
ரெண்டு வருடம் தின்னர் போட்டுத் தேய்த்திருக்கிறார்.
மகரகமவில் வெட்டினார்கள்.
தொடையில் உரித்த தோலை அங்கே தைத்தார்கள்.
"அது முடிஞ்ச கதை, மகள்."

முடிஞ்ச கதை.
குதிக்கால்,
பிறகு கவட்டில் நெறிகட்டியது,
இப்போது கண்.
அடியில் தொடங்கி முடிவரை
ஓர் உறுப்பையும் விடாமல்
தெய்வத்தைப் பாடுவார்கள் என்று பள்ளியில் படித்தோம்.
அந்த மச்சத்துக்கு யார் படிப்பித்தது?

கிராண்ட்பாஸில் பெயின்ற் கடை, நிறம் கலக்கிற வேலை.
திரையைக் கொஞ்சம் திருப்புங்க என்றார்.
திருப்பக் கூடாது.
திருப்பினேன்.

"கறுப்பில்ல இது.
பேர்ண்ட் அம்பர் மூணு பங்கு, கறுப்பு ரெண்டு சொட்டு.
ஓரத்துல சிவப்பு ஒக்சைட் விட்டிருக்கான்."
விட்டிருக்கான் என்றார்,
தெருவுக்கு அந்தப் பக்கம் வேறொரு கடையில்
வேறொருவன் கலந்தது போல.
"நல்ல மிக்ஸ். லேசுல போகாது."

டொக்டர் வந்தார்.
துளி விட்டுக் கண்ணை விறைக்கவைத்து
பஞ்சுக் குச்சியால் மெல்லத் தள்ளினார்.
புள்ளி அசைந்தது,
படலத்தோடு சேர்ந்து, தண்ணீரில் பாசி போல.
அரிது என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.
குரலில் ஒரு சின்ன ஆவல் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்,
எனக்கும் இருந்தது.
மாணவர்களைக் கூப்பிட்டார்.
எட்டுப் பேர் வரிசையில் குனிந்தார்கள்.
இஞ்ஞாசி ஒவ்வொருவருக்கும் இமையை நன்றாக இழுத்துக் காட்டினார்,
வாடிக்கையாளருக்கு நிற அட்டையை விரிப்பது போல.

மகரகமவுக்கு மறுபடி ஒரு கடிதம்.
எழுதி முடியும்வரை
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க மற்றக் கண்ணையும் எடுக்க வேண்டும்.
அது ஒழுங்கு.
இடது கண் திரை முழுக்க வந்து நின்றது.
ஒன்றுமில்லை.
வெள்ளை, அறுபது வயதின் லேசான மஞ்சளோடு.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
நிறம் சொல்லவில்லை.

"ஒரு கொப்பி தர ஏலுமா மகள்? செலினுக்குக் காட்ட."
எதை?
"இந்த நல்லத."

பிரின்டரில் மை தீர்ந்திருந்தது.
போனில் பிடித்துக்கொள்ளுங்க என்றேன்.
கையை எட்ட நீட்டி
வலது கண்ணை மூடிக்கொண்டு
பிடித்தார்.

வெளியே நாற்பத்தேழைக் கூப்பிட்டார்கள்.