மார்போடு அணைக்காதே

சுவரில் ஒன்பது விதிகள்.
நான்காவதைப் படித்துவிட்டு
முதல் நாள் சிரித்தேன்:
அழுக்குத் துணியை மார்போடு அணைக்காதே.

குத்தாயிசி மருத்துவமனையின் அடித்தளம் இது.
ஆறு மாடிக் காய்ச்சலும்
ஒரே தகரக் குழாய் வழியே இறங்கிப்
பொத்தென்று விழும்.
சிவப்புப் பையா, பிரிக்காதே, அப்படியே இயந்திரத்துக்குள்.
மஞ்சளா, பிரி.
ஆனால் உதறாதே. உதறினால்
யாரோ ஒருத்தருடைய இருமல்
மறுபடி எழுந்து நிற்கும்.

கை கேட்கவில்லை.
கொடியிலிருந்து எடுத்த போர்வையை,
பேருந்தில் தூங்கிப்போன மகனை
எப்படித் தூக்கிப் பழகியதோ
அப்படியே தூக்கியது இதையும்.
எதிர் மேசையிலிருந்து லமாரா கத்துவாள்:
"கையை நீட்டு! அது உன் புருஷன் இல்லை!"

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
நாஸிப்ரோலாவின் கைக்கு வந்த தலையணை உறை,
அதன் மடிப்புக்குள் மூடியில்லாத ஊசி.
நாலாம் மாடியில் யாருக்கோ அவசரம்.
யாருக்கென்று இன்றுவரை தெரியாது.

ஏழாவது விதி:
பிதுக்காதே. ஓடும் நீரில் கழுவு.
ஒரு மணி நேரத்துக்குள் சொல்.
கழுவினாள்.
சொல்லவில்லை.
போன குளிரில் குராம் சொன்னான்;
சொன்னவனை வாசல் காவலுக்கு மாற்றினார்கள்,
பாதிச் சம்பளத்தில்.

தேநீர் வேளையில்
அவள் இடது கையால் ரொட்டி பிய்த்தாள்.
பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு
அது போதும்.
வலது கையைக் கேட்டேன். தரவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
பன்னிரண்டு நிமிடம் மீதி.

படியேறி
நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு ஆறு வாரத்தில் ஒரு ரத்தம்,
மூன்று மாதத்தில் ஒரு ரத்தம்,
ஆறு மாதத்தில் ஒன்று.
அவளுக்கு வாசல் காவல்.
உள்ளே நுழைகிற எல்லோருக்கும் வணக்கம் சொல்வாள்,
எனக்கு மட்டும்
கதவைத் திறந்துவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.
ரியோனியில் பனி உருகி
வெள்ளம் வந்து வடிந்தது.
ஒரு நாள் பலகையில் பத்தாவது விதி முளைத்திருந்தது,
நீலப் பேனாவில், கோணலாக:
சொன்னவர் சம்பளத்தில் கை வைக்காதே.
நிர்வாகத்தின் கையெழுத்து கிடையாது.
ஆனாலும் அழிக்க ஒருவரும் துணியவில்லை.
லமாராவின் விரலில் நீலக் கறை;
கேட்டால், அவரைக்காய் நறுக்கினேன் என்றாள்.

ஆகஸ்டில் கண்ணாடிக் கதவில்
ஒரு காகிதம் வந்து ஒட்டியது,
அதன் பின்னால் அவள் உள்ளங்கை.
எழுத்து பொடி. ஆனால்
முகத்தைப் படிக்கத் தெரியாதா எனக்கு.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்,
தரையின் சிவப்புக் கோடு வரைக்கும்.
இந்தப் பக்கம் நான்,
ஈர ஏப்ரன், முழங்கை வரை கையுறை,
காலடியில் பிரித்துப்போட்ட மஞ்சள் பை.

"நாலாவது" என்றேன்.
"தெரியும்டீ" என்றாள்.

கைகளை நீட்டியபடி நின்றோம்
இருவரும்,
நடுவில் ஒரு மூட்டை அளவு தூரம்.