குறிப்புக் கோப்பு

முதல் கேள்வியே, நீ யார் என்பதுதான்.
இயந்திரம் தன் பெயரைச் சொன்னது.
அப்படியொரு பெயரை ஸ்கிரிப்ட் கேள்விப்பட்டதே இல்லை.
பரவாயில்லை, ஊகித்துக்கொள்கிறேன் என்று
திரையில் ஒரு வரி போட்டுவிட்டு
வீடு வீடாக வரும் கணக்கெடுப்புக்காரியைப் போலப்
படிவத்தை மடியில் விரித்துக்கொண்டது.

முழு எண்ணுக்கு எத்தனை பைட்? நான்கு.
முகவரிக்கு? எட்டு.
எண்ணை எழுதினால் தலை முன்னால் வருமா, வால் முன்னால் வருமா?
தலை.
பூஜ்யத்தால் வகுத்தால் செத்துப்போவாயா?
ஒரு குட்டி நிரலை எழுதி, ஓட்டி,
அது விழுந்ததைப் பார்த்து,
ஆம் என்று குறித்துக்கொண்டது.
சாக்கெட் உண்டா?
இல்லை.

மாத்தே உறிஞ்சுவதை நிறுத்தினேன்.

புந்தா அரேனாஸ் துறைமுகத்தில்
கழிவறைக்கும் கயிற்றுக் கிடங்குக்கும் நடுவே உள்ள இந்த அறையிலிருந்து
ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை
கடலின் உயரத்தை வால்பராய்சோவுக்கு அனுப்புகிற இயந்திரம் இது.
விற்ற கம்பெனியை மூடிப் பதினெட்டு வருஷமாகிறது.
கம்பெனி போனது தெரியாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது.
எந்த வாயால் சாக்கெட் இல்லை என்கிறது?

தேடினேன். இருந்தது.
வேறு இரண்டு நூலகங்களில், பாதி இதில், பாதி அதில்.
அடுக்களையில் ஒரே ஒரு டப்பாவைத் திறந்துவிட்டு
வீட்டில் உப்பே கிடையாது என்று
எழுதிக்கொண்டு போயிருக்கிறது ஸ்கிரிப்ட்.
இயந்திரத்தையும் குறை சொல்ல முடியாது.
அந்த டப்பாவில் இல்லைதானே.

மூலநிரலுக்குள் குறிப்புகள் என்று ஓர் அடைவு.
எவரும் ஓட்டாத அமைப்புகள் ஒவ்வொன்றுக்கும்
ஒரு சின்னக் கோப்பு,
எங்கோ ஒருவர் தூக்கம் கெட்டு எழுதியது.
ஒன்றில்: இந்தக் கொடியை எடுத்தால் தொகுப்பி அசையாது.
இன்னொன்றில்: ஏன் என்று தெரியவில்லை,
இது இல்லாமல் ஓட மறுக்கிறது, மன்னிக்கவும்.
அந்த மன்னிக்கவும் எனக்கு மிகவும் பிடித்தது.

எங்கள் இயந்திரத்தின் பெயரில் எதுவும் இல்லை.
எழுதினேன்.
உப்பு எந்த எந்த டப்பாவில் என்று முதலில்.
எண்ணை எழுத்தாக்கும் கோப்பை மட்டும் வேகப்படுத்தாதே,
அவசரத்தில் தசமப் புள்ளியை விழுங்கிவிடுகிறது என்று
மூன்று முறை விழுங்கக் கொடுத்த பிறகு.
ஏழு வரி. கீழே டனிட்சா, ஜூன் பத்தொன்பது.

பிறகு தொகுத்தது, தொகுத்தது.
ஒரு கோப்புக்கு நான்கு நிமிடம்.
பழைய படகுத்துறையின் கட்டைகளில்
நீர்க்காகங்கள் தோளோடு தோள் நெருக்கி
பனி பெய்வதை ஏற்றுக்கொண்டு நின்றன.
நான் மேசைக்கடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.
மின்விசிறி நின்றால் விழித்துக்கொள்வேன் என்று நம்பி.

மறுநாள் ராத்திரி சோதனைகள் தேறின.
கடைசியாக, புது மொழியில், நானே ஒரு வரி:
இப்போது மணி என்ன?

எட்டு நாற்பது என்றது.
சுவரில் ஒன்பது நாற்பது.

மறுபடி ஓட்டினேன். எட்டு நாற்பத்தொன்று.
மொழியில் பிழை இல்லை.
தலைநகரம் குளிர்காலத்தில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பும்.
மகல்லானஸ் திருப்புவதில்லை என்று முடிவெடுத்து வருஷங்களாகிறது.
அந்தச் செய்தியை
இந்த அறைக்குள் ஒருவரும் கொண்டுவரவில்லை.

அலைமட்டப் பதிவர் ஒனோஃப்ரே கார்கமோவை எழுப்பினேன்.
மீனவர்களுக்கான லெட்ஜரில்
திரையைப் பார்த்து மணி எழுதுகிறவர் அவர்.
இத்தனை குளிர்காலமும் தப்பாகவா எழுதினீர்கள்?

பதறவில்லை.
காதோரத்திலிருந்து பென்சிலை எடுத்துக் காட்டினார்.
ஒன்று கூட்டிக்கொள்வேன், என்றார்.
யாரிடமாவது சொல்லியிருக்கலாமே?
ஒருத்தரும் கேட்கவில்லையே, மகளே.

நேர விதியைத் திருத்தினேன்.
குறிப்புக் கோப்பில் எட்டாவது வரி,
அதற்குப் பக்கத்தில், மன்னிக்கவும்.
விடியும்போது இயந்திரமும் சுவரும்
ஒரே மணியைச் சொல்லின.
வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

மாலையில் வந்து லெட்ஜரைத் திறந்தால்
காலை ஏற்றம் முழுக்க
ஒரு மணிநேரம் முந்திக்கொண்டு போயிருந்தது,
அழகான, சாய்ந்த, பென்சில் எழுத்தில்.