பொருந்தாது

தொண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய கிளைச்சிறை.
முன்பு உப்புக் கிட்டங்கி.
சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்தால் இன்னும் கரிக்கும்
என்றார் தலைமை வார்டர் களஞ்சியம்,
சொல்லிவிட்டு இருமினார்.

என் கையில் ஐம்பத்திரண்டு கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்:
ஆம். இல்லை. பொருந்தாது.

புதிதாய் வருகிறவரிடம்
எத்தனை நாளாய் இருமல் என்று கேட்கிறீர்களா?
கேட்கிறோம் மேடம்.
யார் கேட்பது?
யாராவது கேட்போம்.
எப்போது?
இருமினால்.

அறை, பத்துப் பேருக்கு. இருக்கிறவர்கள் இருபத்தேழு.
சன்னல் இரண்டில் கடல் பக்கத்தது
பலகை அடித்து மூடியிருக்கிறது.
வாடைக் காலத்தில் சாரல் சோற்றுத் தட்டில் விழுகிறதாம்.
வெளியே அவ்வளவு காற்று,
கருவேலங்காடே கூன்போட்டு நிற்கிற அளவு.
உள்ளே ஒரே மூச்சை
இருபத்தேழு பேர் கைமாற்றிக்கொள்கிறார்கள்
பீடி போல.

எச்.ஐ.வி. ஆலோசனை தனியறையில் நடக்கிறதா?
நடக்கிறது.
அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு நாற்காலி.
கதவு சாத்தாது, கீல் துருப்பிடித்துவிட்டது.
நான் பார்த்தபோது ஒருவர் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்,
வாசலில் இன்னொருவர் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்,
தராசுத் தட்டு ஆடாமல் வெகுநேரம்.

பேர் எழுதக்கூடாது, எண்தான்.
எண் சொன்னது:
ராத்திரி மாத்திரையை சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கேன்.
பக்கத்துப் பாயில் படுப்பவன்
எனக்கும் ஒன்று தா என்கிறான்.

சளிப் பதிவேடு. ஆடி மாதப் பக்கம்.
ஒன்பதாம் தேதி சளி கொடுத்தவர்
பதினொன்றில் ஜாமீனில் போயிருக்கிறார்.
பதினான்கில் முடிவு: கிருமி உண்டு.
முகவரி: விசைப்படகுக் கூலி, பாம்பன்.
தகவல் சொன்னீர்களா?
தபால் போட்டோம்.
பதில் வந்ததா?
படகுக்குத் தபால் போகுமா மேடம்.

மாலையில் கடலோரக் காவல் நிலையம்.
அங்கே லாக்கப் ஒரு ராத்திரிக் கதை, காலையில் கோர்ட்டு.
கேள்வி முப்பத்தொன்று:
பிடிபட்டவரின் மருந்து தடைபடாமல் இருக்க வழிமுறை உண்டா?
எழுத்தர் சுற்றறிக்கையைத் தேடினார். கிடைக்கவில்லை.
ஏட்டு அருளாந்து மட்டும் தயங்கிச் சொன்னார்:
போன மாசம் ஒருத்தன், மணி எட்டு,
சார் என் மாத்திரை என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
என்ன மாத்திரை என்று நான் கேட்கலை.
அவன் வீடு வரைக்கும் வண்டியில் போனேன்.
அவன் சம்சாரம் இடியாப்பப் பொட்டலத்துக்குள்
வைத்துக் கொடுத்தது.

நான் எதை எழுத?
ஆம் என்றால் இல்லாத வழிமுறைக்கு இரண்டு மதிப்பெண்.
இல்லை என்றால்
எட்டு கிலோமீட்டர், மழையில், சொந்தப் பெட்ரோலில் போன
அந்த வண்டி எங்கேயும் போகவில்லை.
குறிப்புக்கு விட்டிருந்த இடம் ஒன்றரை விரல்.
அதில் இடியாப்பம் என்று எழுதினேன்.
மாவட்ட அலுவலகம் கூப்பிட்டு விளக்கம் கேட்கும்.
கேட்கட்டும்.

மறுநாள் கையெழுத்து வாங்கத் திரும்பவும் கிளைச்சிறை.
கடைசிப் பக்கம், கேள்வி நாற்பத்தெட்டு:
பணியாளர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை?
பொருந்தாது என்று முன்பே யாரோ டிக் அடித்திருந்தார்கள்.
பச்சை மை. என் பேனா நீலம்.

பேருந்து வரும் நேரம். கேட்டு வரை வந்த களஞ்சியம்
தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டு,
மிச்சக் குப்பி இருக்குமா மேடம், என்றார்.
வீட்டில் ஒருத்தருக்கு.
எத்தனை நாளாய் இருமல்?
மாசி முடிஞ்சு...
விரல் மடக்கினார். ஒரு கை போதவில்லை.

படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது,
செய்தால் சுருக்கொப்பம் இட வேண்டும்.
பச்சை டிக்கை அடித்தேன். ஒப்பமிட்டேன்.
பையில் மூன்று குப்பி. இரண்டை எடுத்துக் கொடுத்தேன்.

ரெண்டு எதுக்கு மேடம்?

ஒன்று இப்போது. ஒன்று விடிந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு.
மூடியை இறுக்குங்கள்.
மேலே அந்த வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள்.

பேனா கேட்டு வாங்கினார்.
வெகுநேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அது வரைக்கும் எழுதாத எழுத்து போல,
க.