கேட் போட்டிருக்கிறது

செவ்வாய்க்கிழமைதோறும்
மாத்திரை வாங்க அவள் உள்ளே போவாள்.
நான் வேப்பமரத்தடியில்
வண்டிகளோடு நிறுத்தப்பட்டிருப்பேன்.
ஏழாம் மாதம், ஒரு மழைநாள்,
செருப்புகளுக்கு நடுவே நனைந்துகொண்டிருந்தவனை
நர்ஸ் செல்வராணி கூப்பிட்டார்:
"நீயும்தானே காரணம், வா."

பதினாறு வயிறுகள். ஒரு மீசை.
பெஞ்சில் எல்லோரும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள்.
என் கையைப் பிடித்து
ஜெனிட்டாவின் இடுப்புக்குக் கீழே வைத்தார்.
"விரல் இல்ல, உள்ளங்கை அடி.
வலி வரும்போது அழுத்து. போனதும் எடு.
முக்கியமா, அறிவுரை சொல்லாதே."

எண்ணூர் துறைமுக வாசலில்
கண்டெய்னர் வண்டிகள் நாலு கிலோமீட்டருக்கு நிற்கும்.
மணிக்கொரு தடவை
முன்னாலிருந்து கிளம்பும் பிரேக் சத்தம் ஒன்று
வண்டி வண்டியாய் ஏறி இறங்கி என்னிடம் வரும்.
அந்த வரிசையில்தான்
சுருட்டிவைத்த தார்ப்பாயை அழுத்திப் பழகினேன்.
"டேய் லூர்து, தார்ப்பாய்க்கு எத்தினி மாசம்டா?"
டீ கேன்காரன்வரை சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கையை எடுக்காமல்.

ராத்திரி
இம்ரான் என் கேபினில் ஏறி உட்கார்ந்தான்.
அவனுக்கு மூன்று பிள்ளைகள்.
மூன்றும் போனில் பிறந்தவை.
ஒன்று கிருஷ்ணகிரி டோல்கேட்டில்,
ஒன்று விஜயவாடாவில் டயர் மாற்றும்போது,
ஒன்றுக்கு சிக்னல் இல்லை,
மறுநாள்தான் அப்பன் ஆனான்.
ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
"எங்கடா அழுத்தணும்?"
காட்டினேன்.
குனிந்து தன் முதுகிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டான்.

நீலப் பை ஒன்று தயாரானது.
பழைய நூல் சேலையைக் கிழித்து, அலசி,
மொட்டைமாடி வெயிலில் போட்டு,
கரித்தூசு படியுமுன் எடுத்து மடித்தேன்.
அவளுடைய பிக்மி நம்பர்
என் லைசென்ஸ் நம்பரைவிடச் சீக்கிரம் மனப்பாடமானது.

விடிகாலை மூன்று இருபதுக்கு வந்தது.
ஆட்டோ கொருக்குப்பேட்டையைத் தொட்டபோது
கேட் போட்டிருந்தது.
சரக்கு ரயில். அதற்கு அவசரமில்லை.
ஆட்டோக்காரர் ரயிலைப் பார்த்து ஹாரன் அடித்தார்.
ஜெனிட்டா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள்.
உள்ளங்கை அடி.
மணி பார்க்க இன்னொரு கை இல்லை,
வேகன்களை எண்ணினேன்.
நிலக்கரி, நிலக்கரி, நிலக்கரி,
முப்பத்தியொன்றில் அவள் மூச்சு தரையிறங்கியது.
"கைய எடுடா, கனக்குது."
எடுத்தேன்.
மிச்சத்தைச் சும்மா எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு.
கேட் ஏறியது.

ராயபுரம் ஆஸ்பத்திரி.
ஸ்ட்ரெச்சர் அவளை வாங்கிக்கொண்டது.
வாசல் நாற்காலியிலிருந்து ஒரு குரல்:
"ஆம்பளைங்க அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் ஒன்பது பேர்.
ஒருவன் போனில் யாரிடமோ கடன் கேட்கிறான்.
ஒருவன் தூங்குகிறான்,
தூங்கியதற்குக் காலையில் திட்டு வாங்குவான்.
ஒருவன் பீடி.
எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
இரண்டு மாதமாய் அதற்கு ஒரு வேலை இருந்தது.
சுவரில் வைத்தேன்.
எந்த மாடி, எந்தக் கட்டில்,
அங்கே இப்போது யார் உள்ளங்கை?

கதவு திறந்தது.
"ஜெனிட்டா கூட யாரு? துணி குடு, பழசு.
அவங்கம்மா வரலியா?"
"நான்தான்."
நீலப் பை, இடதுபக்கம், மூன்றாவது கவர்.
பார்க்காமலே கை போனது.
ஆயா துணியை முகர்ந்தாள்.
"யாரு துவைச்சது?"
பதிலுக்கு நிற்காமல் கதவு மூடிக்கொண்டது.

பீடிக்காரன் பக்கத்தில் நகர்ந்து வந்தான்.
"அண்ணே, உள்ள இன்னும் என்னல்லாம் கேப்பாங்க?"
மொதல்ல பீடிய அணை, என்றேன்.